தொண்ணூறாயிரம் கோடி விட்டமுள்ள வட்டம்

2827433388233 என்பது பதின்மூன்று இலக்க எண். வாயால் சொன்னால் இரண்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து இருநூற்று முப்பத்து மூன்று. விட்டம் 90,000 கோடி அலகு கொண்ட ஒரு வட்டத்தின் சுற்றளவு இதுதான் என்று கேரளத்துச் சங்கமகிராம மாதவர் (சுமார் 1340–1425) கணக்கிட்டார். சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் 3.141592653592 வருகிறது. பை என்னும் விகிதத்தின் சரியான மதிப்பு 3.141592653589 என்று தொடங்குகிறது. பதினோரு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் இரண்டும் ஒன்றே: 3.14159265359.

மாதவரின் ஊரான சங்கமகிராமம் இன்றைய இரிஞ்ஞாலக்குடா என்பது பொதுவான கருத்து. அவரிடமிருந்து சீடர் வழியாக இறங்கிய கணித மரபு மத்திய கேரளத்தில், பாரதப்புழைக் கரையை ஒட்டி வளர்ந்தது. அந்த மரபின் நூல்களில் முக்கியமான பலவும் ஓலையிலிருந்து அச்சுக்கு வந்தது தெற்கே திருவனந்தபுரத்தில்.

இவ்வளவு பெரிய விட்டத்தை ஏன் எடுக்க வேண்டும்? அந்தக் கணிதர்களிடம் தசமப் புள்ளி கிடையாது. ஒரு விகிதத்தை நுட்பமாகச் சொல்ல வேண்டுமானால் விட்டத்தைப் பெரிதாக்கி, சுற்றளவை முழு எண்ணாகச் சொல்வதே வழி. 499ஐ ஒட்டி ஆரியபடர் 20,000 விட்டத்துக்கு 62,832 சுற்றளவு என்றார். அது நான்கு தசம இடம் நிற்கும். மாதவர் 9க்குப் பின்னே பதினொரு சுழியம் வைத்தார். எண்ணின் பருமன் நுட்பத்தின் அளவைச் சொல்கிறது; அதில் ஆடம்பரம் இல்லை.

மாதவர் இந்த எண்ணை இலக்கங்களால் எழுதவில்லை. சமஸ்கிருதச் செய்யுள் ஒன்றில் பொருட்பெயர்களால் கட்டினார். பூதசங்கியை எனப்படும் இம்முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஊரறிந்த ஓர் எண் உண்டு. தேவர் முப்பத்து மூவர், கண் இரண்டு, திசை யானை எட்டு, நாகம் எட்டு, தீ மூன்று, குணம் மூன்று, வேதம் நான்கு, நட்சத்திரம் இருபத்தேழு, கை இரண்டு. முதற்சொல் எண்ணின் வலக்கோடியில் உட்காரும். அடுத்தடுத்த சொற்கள் இடப்பக்கம் நகரும். தேவர், கண், யானை, பாம்பு, தீ, மூன்று, குணம், வேதம், நட்சத்திரம், யானை, கை என்று பதினொரு சொல்லில் பதின்மூன்று இலக்கமும் அடங்கிவிடுகின்றன. ஓலையைப் பார்த்துப் படியெடுப்பவர் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால் யாருக்கும் தெரியாது. சொல்லை மாற்றினால் சந்தம் உடையும், பொருள் கெடும். ஐந்நூறு ஆண்டுக்கு மேல் கைமாறியும் இந்த எண் சிதையாமல் வந்ததில் செய்யுளுக்கும் பங்கு உண்டு. இது மாதவருடையது என்று பெயர் சொல்லித் தருவது, பாஸ்கராசாரியரின் லீலாவதிக்கு 16ஆம் நூற்றாண்டில் சங்கர வாரியர் தொடங்கி மகிஷமங்கலம் நாராயணன் முடித்த ‘கிரியாகிரமகரீ’ என்ற உரை.

எண்ணை எண்ணாகவே பார்த்தாலும் சில செய்திகள் கிடைக்கின்றன. கடைசி இலக்கம் 3. ஆகவே 2ஆலும் 5ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 56. ஆகவே 3ஆலும் வகுபடாது. 90,000 கோடியின் பகாக்காரணிகள் 2, 3, 5 மட்டுமே. எனவே மாதவரின் பின்னத்தை மேற்கொண்டு சுருக்க வழியில்லை. ஆரியபடரின் பின்னம் அப்படியல்ல. மேலும் கீழும் 16ஆல் வகுபட்டு 3927க்கு 1250 என்று குறுகும். பாஸ்கராசாரியர் லீலாவதியில் தந்திருப்பது இந்தக் குறுகிய வடிவமே.

இதைவிட முக்கியமானது 9ஆல் வகுபடாத தன்மை. அந்த வட்டத்தின் உண்மையான சுற்றளவு 2827433388230.81… ஆகும். அதற்கு மிக நெருங்கிய முழு எண் 2827433388231. இதன் இலக்கக் கூட்டுத்தொகை 54. 9ஆல் வகுத்தால் 314159265359 என்று பையின் இலக்கங்களே வெளிப்படும். மாதவரின் எண் இதைவிட 2 கூடுதல். 9ஆல் வகுத்தால் மீதி 2 நிற்கும். யாரோ தந்த பன்னிரண்டு இலக்க மதிப்பை எடுத்து ஒன்பதால் பெருக்கியிருந்தால் அந்த மீதி வந்திருக்காது. விட்டத்தை 90,000 கோடியாகவே வைத்து, அந்த முழு எண்ணிலேயே நேராகக் கணக்குப் போட்டதன் தடம் அது. ஒவ்வொரு வகுத்தலிலும் மீதியை விட்டுவிடும் கணக்கில் கடைசி இலக்கம் ஒன்றிரண்டு விலகுவது இயல்பு. அலகை ஒரு மில்லிமீட்டராகக் கொண்டால் விட்டம் 9 லட்சம் கிலோமீட்டர். சந்திரன் பூமியைச் சுற்றும் பாதையைவிடச் சற்றுப் பெரிய வட்டம். அதன் சுற்றளவில் மாதவரின் பிழை இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

இந்த நுட்பத்துக்கு மாதவர் மரபு வந்து சேர்ந்த வழிதான் கணித வரலாற்றில் அதன் பெருமை. பழைய முறை, வட்டத்துக்குள் பலகோணம் வரைந்து பக்கங்களை இரட்டித்துக்கொண்டே போவது. ஒவ்வொரு படியிலும் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கேரளத்தார் கண்டது முடிவில்லாத் தொடர். விட்டத்தை நான்கால் பெருக்கி, அதை 1, 3, 5, 7, 9 என்ற ஒற்றைப்படை எண்களால் தனித்தனியே வகுக்க வேண்டும். முதல் ஈவிலிருந்து இரண்டாவதைக் கழித்து, மூன்றாவதைக் கூட்டி, நான்காவதைக் கழித்து என்று மாறி மாறிச் செய்துகொண்டே போனால் சுற்றளவை நெருங்கலாம். ஐரோப்பாவில் 1670களில் கிரிகரி, லைப்னிட்ஸ் பெயரோடு வந்த தொடர் இதுவே.

தொடர் அழகானது, ஆனால் ஆமை நடை. பதினோரு தசம இடம் துல்லியம் வேண்டுமென்றால் பத்தாயிரம் கோடி ஈவுகளாவது வேண்டும். ஓலையும் சோழியும் கொண்டு எவரும் அதைச் செய்ய முடியாது. மாதவர் மரபு அங்கே ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. தொடரை நினைத்த இடத்தில் நிறுத்து. விட்டுப்போனதற்கு ஈடாக ஒரு பின்னத்தைச் சேர் அல்லது கழி. எத்தனை ஈவு எடுத்தோமோ அந்த எண்ணின் வர்க்கத்தோடு 1 கூட்டினால் மேலெண். அதே வர்க்கத்தை நான்கால் பெருக்கி, 5 கூட்டி, மீண்டும் அந்த எண்ணால் பெருக்கினால் கீழெண். நான்கு மடங்கு விட்டத்தை இந்தப் பின்னத்தால் பெருக்கி வருவதே திருத்தம். விட்டம் 1 என்று வைத்து ஐந்து ஈவுகள் மட்டும் எடுத்தால் தொடர் தருவது 3.3397, உதவாத மதிப்பு. திருத்தப் பின்னம் 525இல் 26; அதன் நான்கு மடங்கைக் கழித்தால் 3.141587. ஐந்தே ஈவில் ஆரியபடரின் மதிப்பைவிடப் பையை நெருங்கிவிடுகிறது. தொடரைக் கண்டது ஒரு சாதனை என்றால், அதன் வாலை அளக்கத் தெரிந்தது அதற்கு நிகரான சாதனை. 12இன் வர்க்கமூலத்திலிருந்து தொடங்கும் இன்னொரு தொடரும் அவர்களிடம் இருந்தது. அதில் ஒவ்வோர் உறுப்பும் முந்தியதில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே குறையும். இருபத்தொரு உறுப்பிலேயே மாதவரின் நுட்பம் எட்டிவிடும்.

இந்த எண்ணுக்கு வேலை பஞ்சாங்கத்தில் இருந்தது. கிரகங்களின் இடத்தைக் காண ஜ்யா (சைன்) அட்டவணை வேண்டும். வட்டத்தின் சுற்றளவை 21,600 கலையாகக் கொண்டால் ஆரம் எவ்வளவு என்பதே அட்டவணையின் அடித்தளம். ஆரியபடர் அதை 3438 கலை என்று முழுமையாக்கினார். மாதவரின் அட்டவணையில் அது 3437 கலை, 44 விகலை, 48 தத்பரை. ஒரு கலையில் 60 விகலை, ஒரு விகலையில் 60 தத்பரை. இன்றைய கணக்கில் கடைசி எண் 48.37. அவ்வளவு நுட்பமான ஆரத்துக்கு அதற்கேற்ற சுற்றளவு விகிதம் தேவைப்பட்டது.

எவ்வளவு பெரிய விட்டம் எடுத்தாலும் கணக்கு முடியாது என்பதையும் இம்மரபினர் உணர்ந்திருந்தனர். 1444இல் பிறந்த நீலகண்ட சோமயாஜி ஆரியபடீயத்துக்கு எழுதிய பாஷ்யத்தில் ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்கிறார்: உண்மையான சுற்றளவை விட்டு, ஆரியபடர் ‘ஆசன்னம்’, அதாவது நெருங்கிய மதிப்பு, ஒன்றை மட்டும் ஏன் சொன்னார்? உண்மை மதிப்பைச் சொல்ல முடியாது என்பதே அவர் விடை. எந்த அலகால் அளந்தால் விட்டம் மீதியின்றி அளபடுமோ, அதே அலகால் அளக்கும்போது சுற்றளவில் மீதி நிற்கும். சுற்றளவை மீதியின்றி அளக்கும் அலகு விட்டத்தில் மீதி வைக்கும். அலகைச் சிறிதாக்கினால் மீதியும் சிறிதாகுமே தவிர, மீதியே இல்லாத நிலை வராது. பை விகிதமுறா எண் என்று லாம்பர்ட் ஐரோப்பாவில் நிறுவியது 1760களில். நீலகண்டர் நிறுவல் தரவில்லை. கூற்றை ஐயமின்றிச் சொல்லியிருக்கிறார். மாதவரின் எண்ணை இந்தக் கூற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அது முடிந்த முடிவாகச் சொல்லப்பட்டதல்ல. மீதி எவ்வளவு சிறிதாகலாம் என்று காட்டியது.

நீலகண்டருக்குப் பின் வந்தவர்கள் வேறு விட்டங்களை எடுத்தார்கள். சொல்லாக்கும் முறையையும் மாற்றினார்கள். புதுமன சோமயாஜியின் ‘கரணபத்ததி’ ஆயிரம் கோடி விட்டத்துக்கு 31415926536 சுற்றளவு தருகிறது. கடத்தநாட்டு அரச குடும்பத்துச் சங்கரவர்மன் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய ‘சத்ரத்னமாலா’ பரார்த்தம், அதாவது 1க்குப் பின் பதினேழு சுழியம், விட்டமாக வைத்து 314159265358979324 என்கிறது. பதினெட்டு இலக்கமும் சரி. இரண்டும் கடபயாதி முறையில் அமைந்தவை.

கடபயாதியைத் தமிழ் வாசகர்கள் கர்நாடக இசை வழியாக அறிவார்கள். மாயாமாளவகௌளை 15ஆவது மேளம், தீரசங்கராபரணம் 29ஆவது, மேசகல்யாணி 65ஆவது என்பதை ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளே சொல்லும். ம 5, ய 1. திருப்பிப் படித்தால் 15. வடமொழி மெய்வரிசையில் க முதல் ஒன்பது எழுத்துக்கு 1 முதல் 9, பத்தாவதற்குச் சுழியம்; ட முதல் மறுபடி அதே வரிசை; ப முதல் ஐந்து; ய முதல் மறுபடி ஒன்றிலிருந்து. ந சுழியம். தனி உயிரும் சுழியம். தமிழ் எழுத்தில் மட்டும் இதை நடத்த முடியாது. நம் ‘க’ ஒன்றே வடமொழியின் நான்கு ககரங்களுக்கும் நின்று 1, 2, 3, 4 நான்கையும் ஒருசேரக் குறிக்கும். கிரந்தத்திலும் மலையாள எழுத்திலும் அந்தத் தடை இல்லை. கரணபத்ததியில் ஆயிரம் கோடி என்ற விட்டத்தைச் சொல்ல, ஒரு தனி உயிரையும் ஒன்பது நகரங்களையும் அடுக்கி, இறுதியில் யகரத்தை வைத்து, பொருளுள்ள சொற்களாகவே அமைத்திருக்கிறார் ஆசிரியர். சொல்லிப் பார்த்தால் சுழியங்கள் நாவில் உருண்டோடும்.

பெரிய பின்னங்களைச் சிறிதாக்கும் கலையும் கரணபத்ததியில் விரிவாக உண்டு. பெரியதைச் சிறியதால் வகுத்து, மீதியால் வகுத்தியை வகுத்து, இப்படியே தொடர்ந்து ஈவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் அது ‘வல்லி’, கொடி. கொடியை எந்தக் கணுவில் ஒடித்தாலும் ஒரு சிறு பின்னம் கிடைக்கும். மாதவரின் எண்ணை விட்டத்தால் இப்படி வகுத்தால் முதலில் 22க்கு 7, பிறகு 355க்கு 113, இன்னும் கீழே 104348க்கு 33215 வருகின்றன. கடைசிப் பின்னம் ஒன்பது தசம இடம் நிற்கும். கேரள உரைகளில் அது தனியாகவே எடுத்துக் காட்டப்படுகிறது.

சொல்லில் எண்ணைக் கட்டும் இந்த வழக்கம் கணிதர்களோடு நின்றுவிடவில்லை. கேரளத்தில் நூல் முடிந்த நாளைக் கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாட்கணக்காக ஒரு சொல்லில் பொதிந்து வைப்பார்கள். நாராயணீயம் ‘ஆயுராரோக்யசௌக்யம்’ என்ற வாழ்த்தோடு முடிகிறது. கடபயாதியில் அது 1712210. கலியின் முதல் நாள் வெள்ளி. அதை 1 என்று எண்ணி, 1712210ஐ ஏழால் வகுத்தால் மீதி 3. ஆகவே மேல்பத்தூர் நாராயண பட்டதிரி குருவாயூரில் முடித்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கொல்லம் 762 விருச்சிகம் 28, பழைய ஜூலியன் கணக்கில் 1586 நவம்பர் 27. நீலகண்டரின் ‘தந்திரசங்கிரகம்’ முதற்செய்யுளில் 1680548, கடைசிச் செய்யுளில் 1680553 என்ற இரு நாட்களை இறைவணக்கத்துக்குள் மறைத்து வைத்திருக்கிறது. இரண்டும் 1500 மார்ச்சில், ஐந்து நாள் இடைவெளியில் வருபவை.

தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கமும் இதே வேரிலிருந்து வந்தது. சந்திரன் கதியைக் கணிக்க உதவும் 248 நாள் சுற்றுக்கு அதில் ஒரு குறிச்சொல் உண்டு. வானியலாளர் ஜான் வாரன் 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அவர் எழுத்தையே தொடாமல், தரையில் சோழிகளை வைத்தும் மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லியும் அவ்வாண்டு மே 31இல் தொடங்கும் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிடம்தான்.

ஐரோப்பிய வாசகர்களுக்குக் கேரளத் தொடர்களை முதலில் எடுத்துச் சொன்னவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் அதிகாரி சார்லஸ் விஷ். தந்திரசங்கிரகம், யுக்திபாஷா, கரணபத்ததி, சத்ரத்னமாலா என்ற நான்கு நூல்களை முன்வைத்து அவர் எழுதிய கட்டுரையை ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி 1834இல் அச்சிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டார். கட்டுரை ஏறக்குறைய நூறாண்டு கவனிப்பாரின்றிக் கிடந்தது. அது அச்சாகி மூன்று ஆண்டு கழித்து, 1837இல், சுவாதித் திருநாள் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் நிறுவி ஜான் கால்டிகாட்டை அதற்குத் தலைவராக்கினார். ஐரோப்பியத் தொலைநோக்கிகள் அந்த நகரத்துக்கு வந்தபோது, மாதவர் வழி வந்த கணக்குகள் அரண்மனை நூலகத்திலும் நம்பூதிரி இல்லங்களிலும் ஓலைக்கட்டுகளாக இருந்தன.

அவற்றை வெளிக்கொண்டுவரும் வேலையைத் தொடங்கியவர் திருநெல்வேலிச் சீமையின் தருவையில் 1860இல் பிறந்து, பதின்ம வயதிலேயே திருவனந்தபுரம் வந்து சேர்ந்த த. கணபதி சாஸ்திரி. 1905இல் அவர் தொடங்கியதே திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசை. 1908இல் சுவடிப் பதிப்புக்கென்றே திருவிதாங்கூர் அரசு ஒரு துறை அமைத்து அவரைப் பொறுப்பில் வைத்தது. பாசனின் நாடகங்களை மீட்டதற்காகவே அவர் பெயர் உலகறிந்தது. ஆனால் அவர் போட்ட பாதையில்தான் கணித நூல்களும் வந்தன. அவர் 1926இல் மறைந்தபின் கே. சாம்பசிவ சாஸ்திரி நீலகண்டரின் ஆரியபடீய பாஷ்யத்தில் கணிதபாதத்தை 1930இல் வரிசையின் 101ஆம் நூலாகவும், காலக்கிரியாபாதத்தை 1931இல் 110ஆம் நூலாகவும் பதிப்பித்தார். சுற்றளவும் விட்டமும் ஒரே அலகால் அளபடா என்ற பகுதி அந்த 1930 பதிப்பில்தான் அச்சேறியது. கரணபத்ததி 1937இல் 126ஆம் நூலாக வந்தது. கோளபாத பாஷ்யத்தை 1957இலும், தந்திரசங்கிரகத்தைச் சங்கர வாரியர் உரையோடு 1958இலும் சூரநாடு குஞ்ஞன் பிள்ளை வெளியிட்டார். சொற்களாக இருந்த எண்களை இலக்கமாக்கிச் சரிபார்ப்பது இப்பதிப்புகளுக்குப் பிறகு எவருக்கும் கைக்கெட்டும் வேலையாயிற்று.

சென்னையில் சி. டி. ராஜகோபால், முகுந்த மாராருடன் சேர்ந்து 1944இல் விஷ்ஷின் பழைய கட்டுரைத் தலைப்பையே மீண்டும் எடுத்து, தொடர்களின் நிறுவல்களை இன்றைய கணித மொழியில் விளக்கினார். அதே 1944இல் கே. வி. சர்மா திருவனந்தபுரம் சுவடி நூலகத்தில் பணிக்குச் சேர்ந்தார். அங்கே தொடங்கிய தேடல், பின்னர் சென்னை வழியாக பஞ்சாபின் ஹோஷியார்பூர் வரை அவரைக் கொண்டுபோனது. தேவரும் யானையும் பாம்பும் தீயுமாய் மாதவரின் பதின்மூன்று இலக்கங்களை அவர் பெயரோடு தரும் கிரியாகிரமகரீயை சர்மா 1975இல் அங்கிருந்து பதிப்பித்தார். திருவனந்தபுரத்துச் சுவடித் திரட்டு பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து, இப்போது காரியவட்டம் வளாகத்தில் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமுமாக இயங்குகிறது.